நீரில் கலந்த மாசைக் காட்டும் ஒளிரும் நானோ துகள்கள்: எதை எதற்குத் தேர்ந்தெடுப்பது?

குடிநீரிலும் கழிவுநீரிலும் கலந்திருக்கும் பாதரசம், ஈயம், குரோமேட், மருந்து எச்சங்கள் ஆகியவற்றை ஒளிரும் நானோ துகள்களைக் கொண்டு கண்டறியலாம் என்று கூறும் ஆய்வுக் கட்டுரைகள் ஏராளமாக வந்துவிட்டன. இதன் அடிப்படை எளிது. புற ஊதா ஒளியிலோ லேசர் ஒளியிலோ மின்னும் துகள்களை நீர் மாதிரியில் கலக்கிறோம். தேடும் பொருள் அதில் இருந்தால் துகளின் ஒளி மங்கும், கூடும் அல்லது நிறம் மாறும். அந்த மாற்றத்தின் அளவிலிருந்து மாசின் அளவைக் கணக்கிடுகிறோம். சிக்கல் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. குவாண்டம் புள்ளிகள், கார்பன் புள்ளிகள், தங்க நானோ கொத்துகள், அகச்சிவப்பில் கிளர்ந்து கண்ணுக்குத் தெரியும் ஒளியை உமிழும் மேல்மாற்றத் துகள்கள், உலோக-கரிமச் சட்டகங்கள் எனப் பல குடும்பங்கள் இருக்க, ஒவ்வொன்றையும் பற்றிய கட்டுரை தன்னுடைய துகளே மற்றவற்றைவிட நுண்ணிய அளவைக் காட்டுகிறது என்று சொல்லி முடிகிறது. களத்தில் பயன்படும் ஒரு சோதனை முறையை உருவாக்க நினைக்கும் ஆய்வுக் குழுவோ நீர்ப் பரிசோதனைக் கூடமோ இவற்றில் எதில் காலத்தையும் உழைப்பையும் செலவிடுவது என்பதே இங்கே எடுத்துக்கொள்ளும் கேள்வி.

கண்டறியும் கீழெல்லை என்ற ஒற்றை எண்ணை வைத்துத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் தவறான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும் என்பது என் கருத்து. துகள் எவ்வளவு பிரகாசமாக ஒளிர்கிறது என்பதைவிட, சோதிக்கப்போகும் நீர் தானாகவே என்ன ஒளியை உமிழ்கிறது, அதில் வேறு என்னென்ன பொருள்கள் எவ்வளவு கரைந்துள்ளன, மாசு அங்கே எந்த வேதி வடிவில் இருக்கிறது என்பவையே முடிவைத் தீர்மானிக்கின்றன. துகளிலிருந்து நீருக்கு வராமல், நீரிலிருந்து துகளுக்குப் போக வேண்டும்.

எதற்காக இந்தச் சோதனை

ஐசிபி-எம்எஸ் எனப்படும் நிறை நிறமாலைக் கருவி ஒரே ஓட்டத்தில் பல உலோகங்களை லிட்டருக்கு நானோகிராம் அளவு வரை அளந்துவிடும். பாதரசத்துக்கெனக் குளிர் ஆவி அணு உறிஞ்சல் முறை நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளது. துல்லியத்தில் இவற்றை வெல்வது ஒளிர்வுச் சோதனையின் வேலை அன்று. கருவியும் பயிற்சி பெற்ற ஆளும் இல்லாத இடத்தில் நிறைய மாதிரிகளை விரைந்து பார்த்து, எவற்றை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று பிரித்துக்கொடுக்கும் முதல்நிலைச் சோதனையாக இருப்பதே அதன் இடம். இந்த இடத்தை ஒப்புக்கொண்டால் பல விஷயங்கள் தெளிவாகின்றன. முதல்நிலைச் சோதனையில் நல்ல நீரைக் கெட்டது என்று சொன்னால் ஓர் ஆய்வகச் சோதனை வீணாகும். கெட்ட நீரை நல்லது என்று சொன்னால் அதை ஒருவர் குடிப்பார். இவ்விரு தவறுகளும் சமமானவை அல்ல. எனவே எந்தத் துகள் எந்தப் பக்கம் தவறு செய்யும் என்பதைக் கேட்காமல் தேர்வு செய்யக் கூடாது.

எவ்வளவு நுண்மை தேவை என்பதையும் எண்களால் பார்த்துவிடலாம். உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டு மதிப்பு கனிமப் பாதரசத்துக்கு லிட்டருக்கு 6 மைக்ரோகிராம். அதாவது ஏறத்தாழ 30 நானோமோலார் (ஒரு நானோமோலார் என்பது லிட்டருக்கு ஒரு மோலில் நூறு கோடியில் ஒரு பங்கு). ஈயத்துக்கு 10 மைக்ரோகிராம். இது ஏறத்தாழ 48 நானோமோலார். வழிகாட்டு மதிப்பில் பத்தில் ஒரு பங்கை உறுதியாக அளக்க முடிந்தாலே முதல்நிலைச் சோதனைக்குப் போதும் என்று வைத்துக்கொண்டால், பாதரசத்துக்கு 3 நானோமோலார் நுண்மை போதுமானது. அதற்குக் கீழே பிக்கோமோலார் வரை செல்வதாகச் சொல்லும் துகள், உண்மையான நீரில் அந்த எண்ணைக் காப்பாற்றாத வரை, கூடுதலாக எதையும் தருவதில்லை.

துகளைக் கலப்பதற்கு முன் நீரைப் பாருங்கள்

365 நானோமீட்டர் புற ஊதா விளக்கை இருட்டறையில் ஒரு குவளை குளத்து நீரின் மேல் பிடித்துப் பார்த்தால், எதையும் கலக்காத அந்த நீரே மெல்லிய வெண்ணீல ஒளியைத் தருவதைக் காணலாம். அழுகிய இலைகளிலிருந்தும் மண்ணிலிருந்தும் வரும் ஹியூமிக், ஃபல்விக் அமிலங்களே அதற்குக் காரணம். 320 முதல் 370 நானோமீட்டர் வரையிலான ஒளியை ஏற்று, 400 முதல் 480 நானோமீட்டர் வரையிலான அகன்ற பட்டையில் அவை ஒளிர்கின்றன. தூய நீரும் முழுக்க மௌனமாக இருப்பதில்லை: 350 நானோமீட்டர் ஒளியைச் செலுத்தினால் நீரின் ராமன் சிதறல் 397 நானோமீட்டர் அருகே ஒரு சிறு முகடாகத் தெரியும். கார்பன் புள்ளிகளில் பெரும்பாலானவை நீலத்தில், அதாவது சரியாக இந்த நெரிசலுக்குள்தான் ஒளிர்கின்றன. ஆய்வகத்தின் தூய நீரில் அழகாக வந்த அளவுக்கோடு (ஒளியின் மாற்றத்தை மாசின் அளவோடு இணைக்கும் கோடு) ஆற்று நீரில் சரிந்துபோவதற்கு இது முதற்காரணம். ஆகவே கிளர்ச்சி ஒளிக்கும் உமிழ்வு ஒளிக்கும் இடையே அலைநீள இடைவெளி அதிகமாக உள்ள துகளுக்கும், உமிழ்வு சிவப்பை நோக்கி நகர்ந்துள்ள துகளுக்கும், ஒளி நெடுநேரம் நீடிக்கும் துகளுக்கும், பிரகாசம் குறைவாக இருந்தாலும் கூடுதல் மதிப்புத் தர வேண்டும்.

இன்னும் பெரிய சிக்கல் தெரிவுத்திறன். கட்டுரைகளில் வழக்கமாக ஒரு பட்டை வரைபடம் இருக்கும்: பாதரசம் சேர்த்தபோது ஒளி வெகுவாக மங்கியது, அதே அளவு செம்பு, ஈயம், துத்தநாகம், கால்சியம் சேர்த்தபோது மங்கவில்லை, எனவே இத்துகள் பாதரசத்தை மட்டுமே காட்டுகிறது என்பார்கள். உண்மையான நீரில் இவை ஒரே அளவில் இருப்பதில்லை. செம்புக்கான வழிகாட்டு மதிப்பு லிட்டருக்கு 2 மில்லிகிராம், அதாவது ஏறத்தாழ 31 மைக்ரோமோலார். குடிக்கத் தகுந்தது என்று ஏற்கப்படும் நீரிலேயே, எச்சரிக்கை கொடுக்க வேண்டிய பாதரச அளவைப்போல ஆயிரம் மடங்கு செம்பு இருக்கலாம். சுவையையும் கறையையும் கருதி இரும்பைப் பொதுவாக 0.3 மில்லிகிராமுக்குள் வைக்கச் சொல்கிறார்கள். அதுவும் 5 மைக்ரோமோலாருக்கு மேல். கடினநீரிலோ கால்சியமும் மக்னீசியமும் மில்லிமோலார் அளவில் நிற்கின்றன. ஆக, சம அளவில் வைத்துக் காட்டிய தெரிவுத்திறன் வரைபடம் நமக்கு எதையும் சொல்வதில்லை. பாதரசம் 30 நானோமோலார், அதனுடன் செம்பு 30 மைக்ரோமோலார் என்று வைத்துக் காட்டிய வரைபடம் இருந்தால் மட்டும் அந்தத் துகளை மேற்கொண்டு பரிசீலிக்கலாம். கட்டுரைகளைச் சலித்தெடுக்க இந்த ஒரு கேள்வியே பாதி வேலையைச் செய்துவிடும்.

காட்மியக் குவாண்டம் புள்ளிகள்

கண்ணாடிக்குள் அலெக்ஸி எகிமோவும், கரைசலில் லூயி புரூஸும் 1980-களின் தொடக்கத்தில் இனங்கண்டு, 1993-இல் மவுங்கி பவெண்டி சீரான அளவில் தயாரிக்க வழி செய்த இந்த நானோமீட்டர் அளவுக் குறைகடத்திப் படிகங்களுக்காக மூவரும் 2023-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அளவை மாற்றினால் நிறம் மாறும், உமிழ்வுப் பட்டை குறுகலாகவும் சமச்சீராகவும் இருக்கும், பிரகாசத்துக்குக் குறைவில்லை. ஒளியியல் தரத்தை மட்டும் பார்த்தால் மற்ற குடும்பங்கள் இதன் அருகே வருவது கடினம்.

துகளின் மையத்தைவிட அதன் மேற்பூச்சே எந்த அயனிக்கு அது பதில் சொல்லும் என்பதைத் தீர்மானிக்கிறது என்பதும் இக்குடும்பத்தில்தான் முதலில் தெளிவானது. 2002-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஒரே காட்மியம் சல்பைடு மையத்துக்கு மூன்று விதப் பூச்சுகள் இடப்பட்டன: பாலிபாஸ்பேட் பூசிய துகள் ஏறத்தாழ எல்லா அயனிகளுக்கும் பதில் சொன்னது, சிஸ்டைன் பூசியது துத்தநாகத்துக்கும், தயோகிளிசரால் பூசியது செம்புக்கும் இரும்புக்கும் பதில் சொன்னது. பிற்காலத்தில் எந்தத் துகளை வடிவமைக்கும்போதும் நினைவில் கொள்ள வேண்டிய பாடம் இது.

இருந்தும் நீர்ச் சோதனைக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். செம்பு அல்லது பாதரச அயனி வந்தால் இத்துகள்கள் மங்குவதற்கு ஒரு முக்கியக் காரணம் அயனிப் பரிமாற்றம்: பாதரச சல்பைடும் செம்பு சல்பைடும் காட்மியம் சல்பைடைவிடப் பன்மடங்கு கரையாதவை என்பதால், வந்த அயனி துகளின் மேற்பரப்பில் அமர்ந்து காட்மியத்தை வெளியே தள்ளுகிறது. அதாவது, காட்மியத்துக்கு லிட்டருக்கு 3 மைக்ரோகிராம் என்று வழிகாட்டு மதிப்பு உள்ள நீரில், சோதனையே காட்மியத்தை விடுவிக்கிறது. மின்னணுச் சாதனங்களில் காட்மியத்தை எடையில் 0.01 சதவீதத்துக்கு மேல் அனுமதிக்காத ஐரோப்பிய விதிமுறை போன்ற கட்டுப்பாடுகள், களத்தில் பரவலாகக் கொடுக்கப்படும் சோதனைப் பெட்டிக்கு இத்துகள் பொருந்தாது என்பதையே சுட்டுகின்றன. இண்டியம் பாஸ்பைடு மையமும் துத்தநாக சல்பைடு உறையும் கொண்ட வகை காட்மியம் இல்லாதது. ஆனால் தயாரிப்பு கடினம், நீரில் நிலைநிறுத்துவதும் எளிதன்று. மூடிய கருவிக்குள் ஒப்பீட்டு விளக்காக நிற்கும் வேலைக்கு மட்டும் குவாண்டம் புள்ளிகளை எண்ணலாம்.

கார்பன் புள்ளிகள்: மலிவும் அதற்குக் கொடுக்கும் விலையும்

ஒற்றைச் சுவர்க் கார்பன் நானோகுழாய்களைத் தூய்மைப்படுத்தும்போது தற்செயலாக 2004-இல் தெரியவந்த ஒளிரும் துணுக்குகளுக்கு 2006-இல் கார்பன் புள்ளி என்ற பெயர் நிலைத்தது. இன்று ஒளிரும் நானோ துகள்களில் மிக அதிகமாகத் தயாரிக்கப்படுவது இதுதான் என்றால் வியப்பில்லை. சிட்ரிக் அமிலத்தையும் எத்திலீன் டையமீனையும் நீரில் கரைத்து, மூடிய அழுத்தக் கலத்தில் 200 டிகிரி செல்சியஸில் 5 மணி நேரம் வைத்தால், புற ஊதா ஒளியில் கண்ணைப் பறிக்கும் நீலத்தில் மின்னும் கரைசல் கிடைத்துவிடும். அதன் குவாண்டம் விளைச்சல், அதாவது உறிஞ்சிய ஒளியில் உமிழ்வாகத் திரும்பும் பங்கு, 80 சதவீதம் வரை எட்டியதாக 2013-இல் அறிவிக்கப்பட்டது. நச்சுத்தன்மை குறைவு, நீரில் நன்றாகக் கரையும், மூலப்பொருள் எங்கும் கிடைக்கும். முதல் பார்வையில் தேர்வு இதோடு முடிந்துவிட்டதாகவே தோன்றும்.

ஆனால் அந்தக் கரைசலை, சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் ஊடுபகுப்புப் பையில் கட்டித் தூய நீரில் தொங்கவிட்டு, சில மணி நேரம் கழித்து விளக்கைப் பிடித்தால், பைக்குள் இருப்பதைவிட வெளியே உள்ள நீர் பளிச்சென்று ஒளிர்வதைப் பல வேளைகளில் காணலாம். பையின் நுண்துளைகளைத் தாண்டி வந்தது துகள் அன்று. துகளோடு கூடவே உருவான சிறு மூலக்கூறு. சிட்ரிக் அமிலமும் எத்திலீன் டையமீனும் சேரும்போது ஒளிரும் கரிமச் சேர்மம் ஒன்று தனியே உருவாகிறது என்பதும், புகழ்பெற்ற அந்தப் பிரகாசத்தில் கணிசமான பங்கு அதற்கே உரியது என்பதும் பின்னர் நிறுவப்பட்டன. இதனால் நடைமுறையில் நேர்வது என்னவென்றால், தூய்மைப்படுத்தல் எவ்வளவு முழுமையாக நடந்தது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு தொகுதியும் வேறுவேறு அளவில் ஒளிர்கிறது, அயனிகளுக்கு வேறுவேறு விதத்தில் பதில் சொல்கிறது. சென்ற தொகுதிக்கு வரைந்த அளவுக்கோட்டை இந்தத் தொகுதிக்குப் பயன்படுத்த முடியாது. பழத்தோல், இலை, சர்க்கரைப் பாகு என்று எதிலிருந்து வேண்டுமானாலும் தயாரிக்கலாம் என்று பெருமையாகச் சொல்லப்படுவதை நான் குறையாகவே பார்க்கிறேன்; மூலப்பொருளே நாளுக்கு நாள் மாறும்போது சோதனைப் பெட்டியின் சீர்மையை யார் உறுதி செய்வது?

இக்குடும்பத்தில் மிக அதிகமாகக் கண்டறியப்பட்ட அயனி மூவிணைதிற இரும்பு. அது மிகப் பெரிய மாசு என்பதால் அன்று. ஏறத்தாழ எந்தக் கார்பன் புள்ளியையும் அது மங்கச் செய்யும் என்பதால். இரும்பு உப்புக் கரைசல் 300 முதல் 400 நானோமீட்டர் வரையிலான ஒளியைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது. துகளுக்குப் போய்ச் சேர வேண்டிய ஒளியை வழியிலேயே இரும்பு எடுத்துக்கொண்டால், துகளோடு எந்தத் தொடர்பும் இல்லாமலேயே ஒளி மங்கியதாகத் தெரியும். உள்வடிகட்டல் விளைவு எனப்படும் இதைத் திருத்தாமல், மங்கலை மாசின் அளவோடு தொடர்புபடுத்தி 1919-இல் ஸ்டெர்ன், வோல்மர் இருவரும் தந்த சமன்பாட்டில் எண்களை இட்டு, பிணைப்பு வலிமை இவ்வளவு என்று எழுதிவிடும் வழக்கம் உள்ளது. திருத்துவது கடினமும் அன்று: கிளர்ச்சி, உமிழ்வு ஆகிய இரு அலைநீளங்களிலும் மாதிரியின் உறிஞ்சலை அளந்து, கூட்டுத்தொகையில் பாதியைப் பத்தின் அடுக்காக இட்டு, கண்ட ஒளியோடு பெருக்கினால் போதும். திருத்திய பிறகும் மங்கல் மிஞ்சுகிறதா என்று பார்க்க வேண்டும். தவிர, நடுநிலை நீரில் மூவிணைதிற இரும்பு கரைந்து நிற்பதே அரிது; ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடும்.

இந்த உள்வடிகட்டல் விளைவை ஒளித்துவைக்காமல் வெளிப்படையாகவே பயன்படுத்திக்கொள்ளும் இடம் குரோமேட். 370 நானோமீட்டர் அருகே அது வலுவாக உறிஞ்சுவதால், அந்த அலைநீளத்தில் கிளரும் நீலக் கார்பன் புள்ளியின் ஒளியை நேர்விகிதமாகக் குறைக்கிறது. அஸ்கார்பிக் அமிலம் சேர்த்துக் குரோமேட்டை மூவிணைதிறக் குரோமியமாக மாற்றினால் ஒளி திரும்பி வர வேண்டும். வராவிட்டால் மங்கச் செய்தது வேறு பொருள். நீருக்குள்ளேயே சரிபார்ப்பும் அடங்கியிருக்கும் இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்தமானது. மொத்தக் குரோமியத்துக்கான வழிகாட்டு மதிப்பான லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் ஏறத்தாழ 1 மைக்ரோமோலார். இந்த முறை எட்டக்கூடிய அளவுதான். ஆனால் பழுப்பு நிறக் குளத்து நீருக்கு இது உதவாது, தெளிந்த நிலத்தடி நீருக்கும் முலாம்பூச்சுப் பட்டறைகளின் கழுவுநீருக்கும் பொருந்தும்.

தங்க நானோ கொத்துகள்

பத்து முதல் சில பத்து அணுக்கள் வரை மட்டுமே கொண்ட தங்கக் கொத்து, நகைத் தங்கத்தைப் போலவோ பெரிய தங்கத் துகளைப் போலவோ நடந்துகொள்வதில்லை. மூலக்கூறைப் போல ஒளிர்கிறது. 2009-இல் அறிவிக்கப்பட்ட தயாரிப்பு முறை இன்றும் மாறாமல் பின்பற்றப்படுகிறது: மாட்டு இரத்தப் புரதமான அல்புமின் கரைசலையும் தங்கக் குளோரைடு கரைசலையும் சம அளவில் கலந்து, 37 டிகிரியில் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்துக் காரமாக்கி, 12 மணி நேரம் வைக்க வேண்டும். வெளிர் மஞ்சளாக இருந்த கரைசல் அடர் பழுப்பாகும். புற ஊதா விளக்கின் கீழ் ஆழ்ந்த சிவப்பாக, 640 நானோமீட்டர் அருகே ஒளிரும். குவாண்டம் விளைச்சல் 6 சதவீதம் அளவே. கார்பன் புள்ளியின் 80 சதவீதத்தோடு ஒப்பிட்டால் பரிதாபமான எண்.

ஆயினும் பாதரசத்துக்கு நான் இதையே முதலில் எடுப்பேன். உமிழ்வு சிவப்பில் இருப்பதால், நீரின் நீல ஒளியை ஒரு சாதாரண வண்ண வடிகட்டியை வைத்தே நீக்கிவிடலாம். ஒளி மைக்ரோ நொடிகள் வரை நீடிப்பதால், வேண்டுமானால் நானோ நொடிகளில் அணைந்துவிடும் பின்னணி ஒளியைக் காலத்தாலும் பிரிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, மங்கலுக்குத் திட்டமான வேதிக் காரணம் உள்ளது: கொத்தின் மேற்பரப்பில் உள்ள ஓரிணைதிறத் தங்க அயனியும் ஈரிணைதிறப் பாதரச அயனியும் ஒரே எலக்ட்ரான் அமைப்பைக் கொண்டவை, இரண்டுக்கும் இடையே ஏற்படும் வலுவான உலோக ஈர்ப்பே ஒளியை அணைக்கிறது. 2010-இல் இதே கொத்தைக் கொண்டு 0.5 நானோமோலார் வரை பாதரசம் கண்டறியப்பட்டது, லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் என்ற கணக்கு. நமக்குத் தேவைப்பட்ட 3 நானோமோலாருக்கு இது தாராளம். தங்கம் என்றதும் செலவை எண்ணித் தயங்க வேண்டியதில்லை. ஒரு சோதனைக்குச் செலவாகும் தங்கம் எடைபோட முடியாத அளவு சிறியது.

குறைகளும் உண்டு. மிகுதியான செம்பு இதன் ஒளியையும் குறைக்கும். அதைக் கட்டிவைக்க, உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் இ.டி.டி.ஏ. என்ற சேர்மத்தைச் சேர்ப்பது வழக்கம், ஆனால் அது பாதரசத்தையும் பிடிக்கக்கூடியது என்பதால் எவ்வளவு சேர்ப்பது என்பதை அந்தந்த நீருக்கென்று சோதித்தே முடிவு செய்ய வேண்டும். சயனைடு தங்கத்தையே கரைத்துவிடும், சல்பைடும் கெடுக்கும். எனவே சுரங்கக் கழிவுநீருக்கும் சாக்கடை நீருக்கும் இது ஏற்றதன்று. புரதக் கரைசல் என்பதால் குளிர்பதனம் இல்லாமல் வைத்தால் நுண்ணுயிர்கள் பெருகும். உறைய வைத்து உலர்த்திய பொடியாகவோ, தாளில் ஏற்றிய பட்டையாகவோ கொடுப்பதே களத்துக்கு நல்லது.

மேல்மாற்றத் துகள்களும் லாந்தனைடுகளும்

சோடியம் இட்ரியம் ஃபுளூரைடு படிகத்தில் இட்டெர்பியமும் எர்பியமும் சேர்த்த துகள், 980 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசரை ஏற்று, 540 நானோமீட்டரில் பச்சையையும் 655 நானோமீட்டரில் சிவப்பையும் தருகிறது. அகச்சிவப்பில் ஹியூமிக் அமிலம் ஒளிராது. சாயம் கலந்த ஆலைக் கழிவுநீரும் தன்னொளி தராது. பின்னணி ஒளி இல்லாமை என்ற ஒரே காரணத்துக்காக, கலங்கிய, நிறமேறிய நீருக்கு இதைவிடச் சிறந்த தேர்வு இல்லை. ஆனால் இத்துகள் தானாக எந்த அயனியையும் அடையாளம் காண்பதில்லை. அதன் பச்சை ஒளியை உறிஞ்சும் சாயம் ஒன்றை மேலே கட்டி, பாதரசம் வந்ததும் அந்தச் சாயத்தின் உறிஞ்சல் இடம்பெயர, பச்சை மீண்டும் வெளிவருமாறு அமைக்க வேண்டும். சிவப்பு மாறாமல் நிற்பதால் இரண்டின் விகிதத்தை அளக்கலாம். ஒளி மங்குவதற்குப் பதில் தோன்றுகிறது என்பதும், ஒப்பீட்டு ஒளி அதே துகளிலிருந்து வருகிறது என்பதும் இதன் இரட்டைப் பலன்.

இதற்கான விலை கருவியில் இருக்கிறது. சிறு துகள்களின் குவாண்டம் விளைச்சல் பெரும்பாலும் 1 சதவீதத்தையும் எட்டாது. எனவே வலுவான லேசர் வேண்டும். 980 நானோமீட்டர் ஒளியை நீரே உறிஞ்சிச் சூடாகும். நியோடிமியம் சேர்த்து 808 நானோமீட்டருக்கு மாற்றினால் அது குறையும். கண்ணுக்குத் தெரியாத லேசர் என்பதால் திறந்த கருவியாகக் கொடுக்கவே கூடாது. ஓரிரு நிலையங்களில் நிரந்தரமாக நிறுத்தும் கண்காணிப்புக் கருவிக்கு இது பொருந்தும். பையில் எடுத்துச் செல்லும் சோதனைக்குப் பொருந்தாது.

இட்டெர்பியம், எர்பியம், யூரோப்பியம் போன்ற லாந்தனைடு தனிமங்களின் வேறொரு பயன் இதைவிட எளிது. டெட்ராசைக்ளின் மருந்து யூரோப்பியம் அயனியோடு இணைந்தால், மருந்து மூலக்கூறு உறிஞ்சிய புற ஊதா ஆற்றல் யூரோப்பியத்துக்குக் கடத்தப்பட்டு 616 நானோமீட்டரில் கூர்மையான சிவப்பு தோன்றும். மருந்து இல்லையேல் சிவப்பு இல்லை. நீலக் கார்பன் புள்ளியின் மேல் யூரோப்பியத்தை ஏற்றிவைத்தால், மருந்து கூடக் கூட நீலம் குறைந்து சிவப்பு ஏறும், கண்ணாலேயே பிரித்தறியலாம். பாஸ்பேட் மிகுந்த நீரில் யூரோப்பியம் பறிபோகும் என்பதையும், ஆக்சிடெட்ராசைக்ளின் போன்ற உறவு மருந்துகளும் இதே சிவப்பைத் தரும் என்பதையும் ஏற்றுக்கொண்டால், மருந்து எச்சங்களுக்கு இதைவிட நேர்த்தியான ஒளிர்வு முறையைச் சொல்வது கடினம்.

உலோக-கரிமச் சட்டகங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். நுண்துளைகளுக்குள் மாசு மூலக்கூறைச் சேர்த்துவைத்துக் கண்டறியும் அவற்றின் திறன் உண்மையானது. நைட்ரோ வகை வெடிபொருள் எச்சங்களுக்கு நன்றாகவே பதில் சொல்கின்றன. ஆனால் எம்.ஓ.எஃப்-5 என்ற சட்டகம் போன்றவை ஈரக்காற்றிலேயே சிதைபவை. ஆஸ்லோ பல்கலைக்கழகத்தின் பெயரைத் தாங்கி 2008-இல் வந்த சிர்கோனிய வகையான யூஐஓ-66 நீரில் நிற்கிறது, எனினும் தூளாக மிதந்து அடியில் படிவதால் அளவீடு நிமிடத்துக்கு நிமிடம் மாறும். சிர்கோனியத்தை ஃபுளூரைடு தாக்கும் இயல்பை வைத்து ஃபுளூரைடுச் சோதனைகள் முன்மொழியப்படுகின்றன, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வழிகாட்டு மதிப்பை அயனி-தெரிவு மின்முனை சிரமமின்றி அளந்துவிடும்போது, இந்தச் சுற்றுவழிக்குத் தேவை என்ன என்று எனக்கு விளங்கவில்லை.

மங்குவதா, தோன்றுவதா, நிறம் மாறுவதா

ஒளி மங்கும் சோதனையில், விளக்கு தளர்ந்தாலும், துகள் படிந்தாலும், நீர் கலங்கினாலும், மாசு வந்ததாகவே தெரியும். ஒளி தோன்றும் சோதனை இத்தகைய தவறுகளிலிருந்து பெரும்பாலும் தப்பிக்கிறது. இரு நிற விகிதத்தை அளப்பது இரண்டுக்கும் மேல் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஒரு நிபந்தனையோடு அதை ஏற்கிறேன். சிவப்புத் தங்கக் கொத்தோடு நீலக் கார்பன் புள்ளியை ஒப்பீட்டு ஒளியாகச் சேர்க்கும் வழக்கமான ஏற்பாட்டில், ஹியூமிக் அமிலத்தின் நீலமும் அதோடு கூடிக்கொள்ளும். பாதரசமே இல்லாத நீரிலும் விகிதம் நீலத்தின் பக்கம் சாய்ந்து, மாசு இருப்பதாகக் காட்டும். ஒப்பீட்டு ஒளி நீரின் சொந்த ஒளியோடு மோதாத நிறத்தில், சிலிக்கா உறைக்குள் அடைபட்டு, எந்த அயனிக்கும் எட்டாமல் இருக்க வேண்டும். கைபேசிக் கேமராவால் நிறத்தைப் படிப்பதாக இருந்தால், தானியங்கி வெண்மைச் சமன்பாட்டையும் ஒளியளவையும் நிறுத்திவைத்து, மூடிய பெட்டிக்குள், அளவு தெரிந்த பட்டைகளையும் அதே படத்தில் சேர்த்து எடுக்க வேண்டும்.

எதற்கு எது

தெளிந்த நீரில் கனிமப் பாதரசத்துக்குத் தங்க நானோ கொத்து; குரோமேட்டுக்கு அஸ்கார்பிக் அமிலச் சரிபார்ப்போடு கார்பன் புள்ளி; டெட்ராசைக்ளினுக்கு யூரோப்பியம் ஏற்றிய துகள்; நிறமேறிய கழிவுநீரைத் தொடர்ந்து கண்காணிக்க மேல்மாற்றத் துகள் என்பது என் தேர்வு. ஈயத்துக்கு, அதைச் சுற்றி நான்கிழை முடிச்சாக மடியும் டி.என்.ஏ. இழையைத் துகளின் மேல் கட்டும் வழி நம்பிக்கை தருகிறது. ஆனால் பொட்டாசியமும் அதே மடிப்பைத் தூண்டக்கூடியது என்பதால் நீரின் பொட்டாசிய அளவைத் தெரிந்துகொள்ளாமல் அதில் இறங்கக் கூடாது. பூச்சிக்கொல்லிகளுக்கு நொதி தேவைப்படும் முறைகளே மிகுதி. நொதியின் ஆயுளே சோதனையின் ஆயுள். ஆர்சனிக்கு எதையும் பரிந்துரைக்கவில்லை. நடுநிலை நீரில் மூவிணைதிற ஆர்சனிக் மின்னூட்டமற்ற மூலக்கூறாக இருப்பதால் துகளின் மேற்பரப்பு அதைப் பிடிக்கத் திணறுகிறது; ஆர்சைன் வாயுவாக மாற்றித் தாளில் நிறமூட்டும் பழைய களப் பெட்டியே இன்றும் மேல்.

எந்தத் துகளைத் தேர்ந்தெடுத்தாலும் அது அளப்பது தனித்து நிற்கும் அயனியை மட்டுமே. ஆய்வகம் அமிலத்தில் செரிக்கவைத்து அளப்பது மொத்த உலோகத்தை. இரண்டும் ஒத்துப்போகாதபோது துகள் தவறு என்று பொருளில்லை, ஆனால் கரிமப் பொருளோடு பிணைந்து மறைந்திருக்கும் பாதரசத்தைத் துகள் நல்ல நீர் என்று கடத்திவிடும் என்பதே முன்பு சொன்ன ஆபத்தான தவறு. ஜப்பானின் மினமாட்டாவில் 1956-இல் வெளிப்பட்ட நோய்க்குக் காரணமான மெத்தில் பாதரசத்தை இச்சோதனைகள் கனிமப் பாதரசத்தைப் போலக் காட்டும் என்று கொள்ளவே கூடாது. ஆய்வகத்துக்கென்று நைட்ரிக் அமிலம் சேர்த்துப் பி.எச். 2-க்குக் கீழே கொண்டுவந்த மாதிரியை அப்படியே துகளுக்குக் கொடுக்கவும் முடியாது. நடுநிலையாக்க வேண்டும், அல்லது தனி மாதிரி எடுக்க வேண்டும்.

ஆகவே முறையை ஏற்பதற்கு முன், சோதிக்கப்போகும் அதே நீர்நிலைகளிலிருந்து எடுத்த மாதிரிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை ஐசிபி-எம்எஸ் ஆய்வகத்துக்கும் மறுபாதியைத் துகளுக்கும், எது எது என்று சோதிப்பவருக்குத் தெரியாமல் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு மாதிரியிலும் அளவு தெரிந்த மாசைச் சேர்த்து எவ்வளவு மீள்கிறது என்று பார்க்க வேண்டும். மீட்பு குறைந்தால், அந்த நீருக்குத் தூய நீரில் வரைந்த அளவுக்கோட்டைக் கைவிட்டு, அதே நீரில் படிப்படியாக மாசைச் சேர்த்துக் கோடு வரையும் முறைக்கு மாற வேண்டும். இரண்டு வேறு தொகுதித் துகள்களிலும், குளிரிலும் வெயிலிலும் வைத்த பட்டைகளிலும் இதைத் திரும்பச் செய்த பிறகே பெட்டியில் அடைக்கலாம். பயன்படுத்திய கரைசலில் சோதனைக்குச் சேர்த்த பாதரசமும் துகளும் இருப்பதால், அதைச் சேகரித்துத் திருப்பியனுப்ப ஒரு மூடிய குப்பியும் அந்தப் பெட்டியிலேயே இருக்க வேண்டும்.